நாவிலே ஒரு சங்கிலி!

அதியமான்கோட்டையிலிருந்து நமக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர் அங்குள்ள நம் கிளைச் செயலாளர். கூட்டத்துக்குப் பேச்சாளர் கேட்டு எழுதவில்லை. கொடியேற்ற யாரையும் அழைக்கவும் இல்லை. ‘நாங்கள் ஒரு தவறு செய்துவிட்டோம், அதை எப்படித் திருத்துவது?’ என்று கேட்டிருக்கிறார். இப்படிக் கேட்பதற்குத் துணிவு வேண்டும். அவரிடம் அது இருக்கிறது. ஆகவேதான் அவர் சொன்னதை, ஆள் அடையாளம் வெளிப்படாதபடி, இங்கே எடுத்துரைக்கிறோம்.

கிளையிலே ஒரு தோழர். கட்டட வேலை செய்பவர். கைத்திறன் உள்ள கொத்தனார். தருமபுரி மண்ணில் மழை பொய்த்தால் ஆண்கள் என்ன செய்வார்கள் என்பது நாடறிந்த செய்தி. ஓசூருக்கும் பெங்களூருக்கும் பேருந்து ஏறுவார்கள். அவரும் ஏறினார். கட்டி முடியாத மாளிகைகளின் கீழ்த்தளத்தில், சிமென்ட் மூட்டைகளுக்கு நடுவே படுத்து உறங்கினார். ஓராண்டு சென்றது, ஈராண்டு சென்றது. பிறகு உறக்கம் போயிற்று. யாருமில்லாத இடத்தில் யாரோ தம்மை ஏசுவதுபோலக் காதில் குரல் கேட்டது. கூட வேலை செய்தவர்களே தம்மைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள் என்று நம்பினார். ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கயிறு கட்டினார்கள், மந்திரித்தார்கள். எட்டு மாதம் ஓடிற்று. இரண்டு ஆடும் தாயின் காதுத் தோடும் போயின. அதன் பிறகுதான் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள்.

மருந்து வேலை செய்தது. குரல்கள் மெல்ல மெல்ல அடங்கின. ஓராண்டில் கரண்டியை மீண்டும் கையில் எடுத்தார். இரவில் மாத்திரை, மாதம் ஒருமுறை மருத்துவமனை. அவ்வளவுதான். சர்க்கரை நோய்க்காரர் செய்வதற்கும் அவர் செய்ததற்கும் என்ன வேறுபாடு?

இந்த நிலையில், படிப்பகத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டக் கிளை நிதி திரட்டியது. சுவர் எழும்பியது. கணக்குப் படிக்கப்பட்டது. கொத்தனார் எழுந்தார். “இந்த நீளச் சுவருக்கு இத்தனை மூட்டை சிமென்ட் செல்லாது, கணக்கை மறுபடி பாருங்கள்” என்றார். தம் தொழிலில் தமக்குத் தெரிந்ததைச் சொன்னார். கூட்டத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது: “என்ன தோழரே, இன்னைக்கி மாத்திரை போடலையா?”

படிப்பகம் முழுவதும் சிரித்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். ‘சிரித்தவர்களில் நானும் ஒருவன்’ என்று எழுதுகிறார் செயலாளர்.

அடுத்த வாரம் பட்டியல்களைச் சரிபார்த்தபோது, ஒரே பட்டியல் இரண்டு முறை கணக்கில் ஏறியிருந்தது தெரியவந்தது. கொத்தனார் சொன்னதே சரி! ஆனால் அதை அறிந்துகொள்ள அவர் கூட்டத்துக்கு வரவில்லை. “மாத்திரை போடறவன் பேச்சு எடுபடாதுன்னா, நான் மாத்திரையே போடல” என்று தாயிடம் சொல்லிவிட்டு மருந்தை நிறுத்திவிட்டார். மூன்று மாதத்தில் அந்தக் குரல்கள் திரும்பி வந்தன.

தோழர்களே! முதல்முறை நோய் வந்தபோது அதை யாரும் அழைத்து வரவில்லை. இரண்டாம் முறை அதற்கு வாசலைத் திறந்துவிட்டவர்கள் யார்? நம் கொடி பறக்கும் கட்டடத்தில், நம் தலைவர்களின் படங்கள் மாட்டிய சுவருக்குள், நம் தோழர்கள் எழுப்பிய சிரிப்பொலி அது. கசப்பாக இருந்தாலும் இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சொல் செல்லாக்காசான மனிதன்

ஏழையின் சொல் அம்பலம் ஏறாது என்பது பழமொழி. அந்தப் பழமொழியைப் பொய்யாக்கவே இயக்கம் கண்டோம், சங்கம் அமைத்தோம். கூலிக்காரன் எழுந்து நின்று கணக்குக் கேட்கலாம் என்ற நிலையைப் பாடுபட்டு உண்டாக்கினோம். அப்படி அம்பலம் ஏறிய சொல்லை ஒரே ஒரு கேலியால் கீழே தள்ளிவிட்டோமே, இது நியாயமா?

மனநோயின் கொடுமை இரண்டு வகை. குரல் கேட்பதும், உறக்கம் இல்லாததும், காரணமற்ற அச்சமும், எழுந்து பல் விளக்கக்கூட மனம் வராத சோர்வும் நோய் தரும் கொடுமை. இதற்கு மருந்து உண்டு. மற்றொன்று ஊர் தரும் கொடுமை. அது அந்த மனிதனின் சொல்லைச் செல்லாக்காசாக்கிவிடும். அவன் கோபப்பட்டால் நோய் முற்றிவிட்டது என்பார்கள். அமைதியாக இருந்தால் என்னமோ ஆகிவிட்டது என்பார்கள். கூலி பாக்கியைக் கேட்டால், “அவனுக்கு என்ன தெரியும், தாயாரிடம் கொடுத்துவிட்டேன்” என்பார் மேஸ்திரி. வயிற்றுவலி என்று மருத்துவரிடம் போனால், வயிற்றைத் தொட்டுப் பார்க்குமுன் பழைய சீட்டைப் பார்ப்பார்கள். தங்கைக்கு வரன் பேச வந்தவர்கள் அண்ணனைக் கண்டதும் காப்பி ஆறுமுன்னே எழுந்து போவார்கள். பெண்ணாக இருந்தாலோ, கேட்கவே வேண்டாம். பிறந்த வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் போன கணவன்மார் எத்தனை பேர்!

காலில் பூட்டிய சங்கிலி எல்லார் கண்ணுக்கும் தெரியும். நாவினால் பூட்டும் சங்கிலி, பூட்டியவனுக்கே தெரிவதில்லை.

ஓர் ஊரின் பெயரே வசவானது

சென்னையிலே கீழ்ப்பாக்கம் என்று ஒரு பகுதி. வீடுகளும் கடைகளும் பள்ளிகளும் நிறைந்த இடம். ஆனால் தமிழ்நாட்டில் எந்த ஊர்த் தேநீர்க் கடையிலும் ஒருவனைப் பார்த்து ‘நீ கீழ்ப்பாக்கம் போகவேண்டிய ஆள்’ என்றால், என்ன பொருள் என்று எவரும் கேட்பதில்லை. அங்கே இருக்கும் மனநல மருத்துவமனைதான் காரணம். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில், 1794இல் சென்னையில் தொடங்கப்பட்ட விடுதி அதன் மூலம்; கீழ்ப்பாக்கத்துக்கு அது வந்தது 1871இல். ‘பைத்தியக்கார விடுதி’ என்ற பெயரை 1922இல் மாற்றி, மனநோய் மருத்துவமனை என்று பலகை எழுதினார்கள். பலகை மாறி நூறாண்டு கடந்துவிட்டது. நம் நாக்கு மாறியதா?

அந்த மருத்துவமனையின் முதல் பெண் கண்காணிப்பாளராக 1961இல் பொறுப்பேற்றவர் மருத்துவர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர். நோய் தணிந்தவர்களை வீட்டார் அழைத்துப் போகவில்லையே, அவர்களுக்கு வேலை தருவார் இல்லையே என்ற கவலை அவரை விடவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை. 1984இல் மனச்சிதைவு நோயாளிகளின் மருத்துவத்துக்கும் மறுவாழ்வுக்கும் ஆராய்ச்சிக்குமாக ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 2021 டிசம்பரில், தொண்ணூற்றெட்டு வயதில் மறைந்தார். இப்படி ஓர் அம்மையார் தம் வாழ்நாளைச் செலவிட்ட இடத்தின் பெயரைத்தான் நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம்!

பிறரைச் சொல்வானேன்? மேடையேறும் நம் பேச்சாளர்களைக் கேட்கிறோம். மாற்றுக் கட்சித் தலைவரின் கொள்கையை மறுக்க வகையில்லாதபோது, ‘பைத்தியம்’ என்றும் ‘மெண்டல்’ என்றும் சொல்லிக் கைத்தட்டல் வாங்குவதில்லையா? எதிரிக்கென்று எறிந்த அந்தச் சொல் அவர்மேல் பட்டதா? அவர் காரில் ஏறிப் போய்விட்டார். கூட்டத்தில், தரையில் அமர்ந்து நம்மையே நம்பிக் கேட்டுக்கொண்டிருந்த நம் தோழர்மேல் அல்லவா பட்டது! சட்டைப் பைக்குள் மாத்திரை அட்டையை இன்னும் ஆழமாகத் தள்ளி மறைத்துக்கொண்டார் அவர். வாதம் தீர்ந்தவனுக்குத்தான் வசவு தேவை. நம்மிடம் வாதம் தீர்ந்துவிடவில்லையே!

ஏர்வாடி சொல்லும் பாடம்

கேலிதானே, இதனால் என்ன கேடு என்று கேட்பவர்கள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியை எண்ணிப் பார்க்கட்டும். 2001 ஆகஸ்டு 6. பொழுது புலரும் நேரம். அங்கே தனியார் நடத்திய மனநோயாளிகள் விடுதி ஒன்றின் கொட்டகையில் தீப் பிடித்தது. தீ கண்டால் எறும்பும் ஓடும். அவர்கள் ஓடவில்லை. காலிலே சங்கிலி! கூப்பிட்டார்கள், கதறினார்கள். 28 உயிர்கள் கரிந்து போயின. அந்தோ! கூப்பிய கையோடு குணம் தேடி வந்தவர்கள், கட்டிய சங்கிலியோடு சாம்பலானார்கள்.

நாடு பதறியது. அந்த வட்டாரத்தில் அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன. அவற்றில் இருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டோரை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. விசாரணை ஆணையம் அமைந்தது. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டு, மாநிலங்களுக்கெல்லாம் ஆணையிட்டது. விடுதி நடத்தியவர்களுக்கு 2007இல் சிறைத் தண்டனை கிடைத்தது.

ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். அந்த 28 பேரும் தாமாக அங்கே போய்க் காலை நீட்டினார்களா? ஏர்வாடித் தர்காவுக்கு மதவேறுபாடு இல்லாமல் மக்கள் வருவார்கள். பெற்றோரும் உடன்பிறந்தோரும் அழைத்து வந்தார்கள். சிலர் நம்பிக்கையால் வந்தார்கள். சிலர் அருகில் மருத்துவம் இல்லாமையால் வந்தார்கள். வேறு சிலரோ, ஊர்வாய்க்கு அஞ்சி, ‘இவன் எங்கள் வீட்டில் இருப்பது தெரியவேண்டாம்’ என்று தொலைவில் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். வீட்டாரை நாம் குற்றம் சொல்லவில்லை. வறுமையும் அவமானமும் இரு பக்கமும் நெருக்கினால் எவரும் தடுமாறுவர். சங்கிலியைப் பூட்டியவர் ஒருவர். அந்தச் சங்கிலிக்கு இரும்பு கொடுத்தவர்கள் பலர். தெருவில் சிரித்தவர்கள், பெண் கொடுக்க மறுத்தவர்கள், வேலை தர மறுத்தவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு கண்ணி கொடுத்தார்கள்.

அதியமான்கோட்டையில் தேய்பிறை அட்டமி நாளில் காலபைரவர் கோயிலுக்கு வெளியூர்களிலிருந்தும் மக்கள் திரண்டு வருவதைக் காண்கிறோம். அவரவர் நம்பிக்கை அவரவருக்கு. அதில் நாம் தலையிடவில்லை. ஏர்வாடித் தர்காவிலும், திருச்சிக்கு அருகே குணசீலத்திலும் வழிபட வருவோருக்கு அந்த இடத்திலேயே மனநல மருத்துவர் மருந்தும் தரும் ஏற்பாடு பின்னாளில் செய்யப்பட்டது. விளக்கு ஏற்றுகிறவர் ஏற்றட்டும். கயிறு கட்டுகிறவர் கட்டட்டும். மாத்திரையை மட்டும் நிறுத்தவேண்டாம். எட்டு மாதம் காத்திருக்கவும் வேண்டாம். நாள் தள்ளத் தள்ள நோய் வேர் ஊன்றும்.

நூற்றுக்குப் பத்துப்பேர்

மனநோய் யாரோ சிலருக்கு வருவது என்று எண்ணுகிறோமே, அது தவறு. பெங்களூர் நிம்ஹான்சு நிறுவனத்தினர் 2015-16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய ஆய்வு, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு வகை மனநலக் குறைவு அப்போது இருந்ததாகக் கண்டது. அதாவது, நூறு பேர் கூடும் நம் கூட்டத்தில் பத்துப்பேர்! அந்தப் பத்துப்பேரில் ஏழு பேருக்கு மேல் மருத்துவமே பெறவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஏன் பெறவில்லை? மருத்துவர் போதாது, மருத்துவமனை தொலைவு, ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. இவற்றோடு, அந்த வரிசையில் நிற்பதை யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது.

இது பேயும் அல்ல, முன்வினையும் அல்ல, வளர்ப்பின் குற்றமும் அல்ல. மூளையும் உடலின் ஓர் உறுப்பே. பிறவிக் கூறு, மூளையில் ஏற்படும் மாறுதல், கடன், குடி, இழப்பு, உறக்கமின்மை, தனிமை என்று பல சேர்ந்து நோயை வரவழைக்கின்றன. 1952இல் பாரிசு நகர மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்ற மருந்தைக் கொடுத்து, ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்களின் மனம் தெளியக் கண்டார்கள். அதன் பின் எத்தனையோ மருந்துகள் வந்துவிட்டன. மனச்சோர்வு தீரும், மனச்சிதைவைக்கூடக் கட்டுக்குள் வைத்து உழைத்து வாழமுடியும். மனநோயாளி என்றால் அடிப்பான், வெட்டுவான் என்பதும் பெரும்பாலும் திரைப்படம் கற்பித்த பாடம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் எவரையும் துன்புறுத்துவதில்லை. அடியும் ஏய்ப்பும் கல்லெறியும் படுகிறவர்கள் அவர்களே.

தொழுநோயை எண்ணிப் பாருங்கள். தொழுநோயர் தொட்ட குவளையை உடைத்த காலம் ஒன்று இருந்தது. மருந்து வந்தது; பாடம் நடந்தது; பழக்கம் மாறியது. தொழுநோய் வந்ததைக் காரணம் காட்டி மணமுறிவு கேட்கலாம் என்றிருந்த விதியை 2019இல் சட்டத்திலிருந்தே நீக்கினார்கள். அந்த இழிவை உடைக்க முடிந்தது என்றால், இதை உடைக்க முடியாதா?

சட்டம் தரும் படைக்கலம்

இனி உரிமைக்கு வருவோம். உழைக்கும் தோழர்கள் இதைக் கூர்ந்து படிக்க வேண்டுகிறோம். கொத்தனாரைப் பார்த்துச் சிரித்தவர்கள் அறியாத செய்தி ஒன்று உண்டு: சட்டம் அவர் பக்கம் நிற்கிறது!

1912ஆம் ஆண்டின் வெள்ளையர் சட்டம் மனநோயாளியை அடைத்துவைக்கும் முறையைப் பற்றியே பேசியது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அவரது உரிமையைப் பேசுகிறது. 2018 மே முதல் அது நடப்பில் உள்ளது. எந்த முறையிலும் எவரையும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று அது தடை செய்கிறது. அரசு நடத்தும் நிலையங்களில் மனநல மருத்துவம் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. முன்னொரு காலத்தில் மருத்துவம் பெற்றார் என்பதை மட்டும் வைத்து இன்றும் ஒருவரை மனநோயாளி என்று முடிவுகட்டக் கூடாது என்கிறது. அரசியல் நிலையையோ பொருளாதார நிலையையோ சமூக நிலையையோ வைத்து ஒருவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. நம் மேடைப் பேச்சாளர்கள் இதை இரண்டு முறை படிப்பது நல்லது! நோய் வந்தால் எனக்கு எப்படி மருத்துவம் செய்யவேண்டும், எப்படிச் செய்யக்கூடாது என்று தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்கவும், தமக்காகப் பேச ஒருவரை நியமிக்கவும் அது வழி செய்திருக்கிறது. பார்த்தீர்களா! நாம் பறித்த சொல்லைச் சட்டம் திருப்பிக் கொடுக்கிறது.

வாக்குரிமை பற்றியும் ஒரு வார்த்தை. வாக்காளர் பட்டியல் திருத்தம் நடக்கும்போது, ‘அவன் புத்தி சரியில்லாதவன், பெயரை அடித்துவிடு’ என்று சொல்கிறவர்கள் உண்டு. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, தகுதியுள்ள நீதிமன்றம் சித்த சுவாதீனமற்றவர் என்று தீர்ப்பளித்தால் ஒழிய எவர் பெயரையும் அந்தக் காரணத்துக்காக நீக்க இயலாது. மருத்துவச் சீட்டு போதாது. ஊர்ப் பேச்சு போதவே போதாது. நம் வாக்குச்சாவடி முகவர்கள் இதை மனத்தில் எழுதிக்கொள்ளட்டும்.

வேலைக்கு வருவோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் இடம் பெற்றுள்ளது. அரசு நிறுவன ஊழியர் ஒருவர் பணிக்காலத்தில் இத்தகைய குறைபாட்டுக்கு ஆளானால் அவரை வேலையை விட்டு நீக்கவோ தரம் தாழ்த்தவோ கூடாது. மத்திய ரிசர்வ் போலீசுப் படையினர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் தீர்ப்பளித்தபோது, மனநலக் குறைபாடுள்ளவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதே மறைமுகமான பாகுபாடு ஆகலாம் என்று உரைத்தது. ஆலைத் தோழர்களுக்கு இன்னொன்று: இ.எஸ்.ஐ. திட்டத்தில் நீடித்த நோய்களுக்கான பட்டியலில் மனச்சிதைவு போன்ற கடும் மனநோய்களும் உள்ளன. இரண்டாண்டு காப்பீட்டு வேலையும் உரிய சந்தா நாட்களும் இருந்தால், நாட்கூலியில் 80 விழுக்காடு வரை, இரண்டாண்டு வரை நீட்டித்துப் பெறலாம். இதை அறியாமல் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறியவர்கள் எத்தனை பேர்! தொழிற்சங்கத் தோழர்கள் ஆலை வாயிலில் பேசவேண்டிய பேச்சு இது.

ஆனால் கொத்தனாருக்கு ஏது இ.எஸ்.ஐ.? மேஸ்திரியின் வாய்ச்சொல்தான் அவருக்கு வேலை உத்தரவு. அவரது வாய்ச்சொல்தான் நீக்க உத்தரவும். இங்கேதான் சட்டத்தின் கை எட்டவில்லை. கட்டடத் தொழிலாளிக்கும், செங்கற்சூளைத் தொழிலாளிக்கும், லாரித் தொழிலாளிக்கும் நோய்க்காலப் படி வேண்டும். ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாடாக இந்தியா இருப்பது வெட்கம். ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே மாதாமாதம் தவறாமல் மாத்திரை கிடைக்க வேண்டும். ‘இன்று இருப்பு இல்லை, அடுத்த வாரம் வா’ என்ற சொல் மற்ற நோயாளிக்கு அலைச்சல். இவருக்கோ அதுவே நோயின் மறுவருகை. எந்தக் கட்சி ஆண்டாலும் இதை நாம் கேட்போம். நாம் ஆண்டாலும் கேட்போம்.

ஓர் ஊர் காட்டிய வழி

பெல்சியம் நாட்டில் கீல் என்று ஒரு சிற்றூர். அங்குள்ள மாதா கோயிலுக்குக் குணம் நாடி வந்த மனநோயாளிகளுக்கு இடம் போதாமல், ஊர்க் குடும்பங்கள் தம் வீடுகளில் தங்கவைத்துக்கொண்டன. பல நூற்றாண்டுகளாக அந்த வழக்கம் தொடர்ந்தது. 1930களின் இறுதியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அப்படிக் குடும்பங்களோடு தங்கியிருந்தார்கள். அவர்கள் வயலில் வேலை செய்தார்கள், குழந்தைகளோடு விளையாடினார்கள், ஒரே மேசையில் உண்டார்கள். ஊரார் அவர்களை ‘விருந்தினர்’ என்றே எண்ணிப் பழகினார்கள். விருந்தோம்பலுக்கு இலக்கணம் வகுத்த தமிழர் நாம். திண்ணை கட்டி வழிப்போக்கனுக்கு இடம் கொடுத்த இனம், தன் வீட்டுப் பிள்ளைக்குக் கொல்லைக் கொட்டகையைக் காட்டலாமா?

நம் அருகிலேயே வேலூரில், கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் தொடங்கிய நாள்முதல், நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்குவதை ஒரு மருத்துவ முறையாகவே கைக்கொண்டது. மருந்து பாதி, மனிதர் பாதி. தொலைநாடும் பக்கத்து ஊரும் சொல்வது இந்த ஒன்றைத்தான்.

கிளைகளுக்கு நம் வேண்டுகோள்

அதியமான்கோட்டைச் செயலாளர் கேட்ட கேள்விக்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். அவருக்குக் கூறுவது எல்லாக் கிளைகளுக்கும் பொருந்தும்.

முதலாவது, நாவை அடக்குக. பைத்தியம், மெண்டல், கீழ்ப்பாக்கம் ஆகிய மூன்று சொற்களும் நம் மேடையில் வசவாக ஒலிக்கக் கூடாது. ஒலித்தால் தலைமை வகிப்பவர் அங்கேயே தடுக்கட்டும். நம் அச்சகத்திலும் அந்தச் சொற்களுக்கு இனி இடமில்லை. இதற்கு முன் இந்தத் தாளில் அவை வசவாக வந்ததுண்டு. அது எங்கள் பிழை, ஒப்புக்கொள்கிறோம்.

இரண்டாவது, பேச்சைக் கேளுங்கள். நோய் உள்ளவர் கூட்டத்தில் எழுந்தால், சொல்வது யார் என்று பாராமல், சொல்வது என்ன என்று பாருங்கள். தவறு என்றால் காரணம் காட்டி மறுங்கள். அது மரியாதை. சிரிப்பது மரியாதை அல்ல.

மூன்றாவது, துணை போங்கள். மருத்துவமனைக்குப் போகும் நாளில் கிளையிலிருந்து ஒருவர் உடன் செல்லட்டும். தேர்தலுக்கு ஆயிரம் பேரை வண்டியேற்றத் தெரிந்த நமக்கு, மாதம் ஒரு தோழரைப் பேருந்தேற்ற முடியாதா? வேலை தர மறுக்கும் மேஸ்திரியிடம் நம் ஆட்கள் பேசட்டும். சாகலாமா என்று எண்ணும் அளவுக்கு மனம் உடைந்தவர் யாரேனும் இருந்தால், 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசு உதவி எண் அது. படிப்பகச் சுவரில் எழுதிவையுங்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதாமல், கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கொண்டு மருத்துவமும் மறுவாழ்வும் தரவேண்டும் என்றே சட்டமும் சொல்கிறது. காவல் நிலையத்துக்கு அஞ்சி மறைக்கவேண்டாம்.

நான்காவது, குடும்பத்தை மறவாதீர். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் தாய்க்கு இரவும் இல்லை, பகலும் இல்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அந்த வீட்டு வாசலை மட்டும் தாண்டிப் போகிறோமே, அது சரியா? ஒருமுறை உள்ளே போய் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். ஊர் விலக்கிய வீட்டில் ஒருவர் குடிக்கும் தண்ணீருக்கு மருந்தின் வலிமை உண்டு.

அதியமான் ஆண்ட மண் அது. கிடைத்தற்கரிய நெல்லிக்கனி ஒன்று, உண்டவர் நெடுநாள் வாழ்வர் என்று அறிந்தும், தானுண்ணாமல் ஔவைக்கு ஈந்தவன் என்று தமிழ்நாடு அவனைப் போற்றுகிறது. ஏன் ஔவைக்குக் கொடுத்தான்? அவள் சொல் நிலைக்க வேண்டும் என்று எண்ணினான். அரசன் பிறிதொருவரின் சொல்லைத் தன் உயிரினும் பெரிதாக மதித்த மண்ணில், ஓர் உழைப்பாளியின் சொல்லைச் சிரித்து அழிக்கலாமா?

கொத்தனாரைத் தாயும் செயலாளருமாகச் சேர்ந்து மீண்டும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றுவிட்டதாகக் கடிதத்தின் கடைசி வரி சொல்கிறது. மகிழ்கிறோம். குரல்கள் இம்முறையும் அடங்கும். அவர் தெளிந்து வரும் நாளில், செயலாளரே, நீங்கள் செய்யவேண்டியது இதுதான். அதே படிப்பகத்தில், அதே கூட்டத்தைக் கூட்டுங்கள். கணக்கில் பிழை இருந்ததையும், அதைக் கண்டு சொன்னவர் அவரே என்பதையும், சிரித்தது நம் தவறு என்பதையும் எல்லார் முன்பும் எழுந்து நின்று சொல்லுங்கள். பிறகு, அவர் இசைந்தால், அடுத்த கட்டட வேலையின் கணக்குப் புத்தகத்தை அவர் கையில் கொடுங்கள்.

தன் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்று அறிந்தவன் மாத்திரையை மறைக்கமாட்டான், நிறுத்தவும் மாட்டான்.